ஒகேனக்கல்: ஒரே நாளில் போய்வர – வாசகர் கேள்வி, பதில்

ஒகேனக்கல்லுக்கு ஒரு நாள் போய்வருவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சென்ற ஜூலையில் குடும்பத்தோடு போனோம். நீர்வரத்து அதிகம், பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை என்றார்கள். பார்க்காமலே திரும்பினோம். அந்த வாரம் எங்கள் ஊரிலும் மழை இல்லை, தருமபுரியிலும் மழை இல்லை. எந்த மாதம் போனால் ஏமாறாமல் வரலாம்?
– வாசகி, வேலூர்

பதில்: தருமபுரி வானத்தைப் பார்த்து ஒகேனக்கல் தண்ணீரைக் கணிக்க முடியாது. அந்தத் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை. குடகு மழை கிருஷ்ணராஜ சாகர் அணைக்கும், வயநாட்டு மழை கபினி அணைக்கும் போகிறது. கிருஷ்ணராஜ சாகரின் கொள்ளளவு 49 டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கபினி 19.5 டி.எம்.சி.தான். சிறிய அணை, மழையோ கனமழை, அதனால் பெரும்பாலும் கபினிதான் முதலில் நிரம்பும். அணை நிரம்பிய பிறகு வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு நாளில் ஒகேனக்கல் வந்துசேரும்.

ஆகவே, மாதத்தைவிட முக்கியம் நாளிதழில் வரும் ஓர் எண். ஒகேனக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் மேலே, காவிரி தமிழகத்தைத் தொடும் இடத்தில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் அங்கே ஆற்றின் நீரை அளக்கிறது. கர்நாடகம் தமிழகத்துக்குத் தரவேண்டிய தண்ணீருக்குக் கணக்கு பார்க்கும் இடமும் அதுதான். ஆண்டுக்கு இவ்வளவு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன 177.25 டி.எம்.சி. அங்கேதான் அளக்கப்படுகிறது. 'ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி' என்று காலைச் செய்தியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு இத்தனை கன அடி என்று பொருள். ஒரு கன அடி 28.3 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய இருபத்து நான்கு ஒவ்வொரு வினாடியும் கவிழ்வதற்குச் சமம். அந்த விசையின் முன்னால் எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் ஒன்றுமில்லை. தடை போடுகிறவர்கள்மேல் கோபம் வரும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தோராயமாக ஓர் அளவு சொல்கிறோம். ஆயிரம் கன அடிக்குக் கீழே போனால் அருவிகள் மெலிந்து பாறைதான் அதிகம் தெரியும். இரண்டாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை அருவி அருவியாகவும், ஆறு பரிசலுக்கு இணக்கமாகவும் இருக்கும். எட்டாயிரத்தை நெருங்கினால் 'நாளை என்ன ஆகுமோ' என்று கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். பத்தாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டும் இருந்தால் தடையை எதிர்பார்த்தே போங்கள். முடிவு மாவட்ட ஆட்சியருடையது. நிலைமைக்கு ஏற்ப அது மாறும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழையின்போது நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் அருவி பெரிதாகத் தெரியும் என்று நினைப்பது தவறு. பாறைகள் மூழ்கிவிடுவதால் விழுவதற்கே உயரம் இருக்காது. செந்நிறத் தண்ணீர் ஒரே பரப்பாக ஓடும்.

எண்ணைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நாள் எண் போதாது, மூன்று நாள் எண்களை வரிசையாகப் பாருங்கள். 9,000, 7,000, 5,000 என்று இறங்குகிறதா, கிளம்பலாம். 3,000, 4,500, 7,000 என்று ஏறுகிறதா, தள்ளிப்போடுங்கள். கூடவே, இரண்டு நாளுக்கு முன் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் எவ்வளவு திறந்தார்கள் என்று பார்த்தால் உங்கள் பயண நாளின் நிலவரம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆனால் அணைகள் மூடியிருந்தாலும் அசட்டையாக இருக்க முடியாது. அணைகளுக்குக் கீழே சிம்சாவும் அர்க்காவதியும் காவிரியில் சேர்கின்றன. பெங்களூரு பக்கம் ஒரு பெருமழை பெய்தால் அர்க்காவதி வழியாக நீர் திடீரென்று ஏறும். செப்டம்பர், அக்டோபரில் இது அடிக்கடி நடக்கிறது.

மாதம்தான் வேண்டும் என்றால் எங்கள் தேர்வு நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை. தண்ணீர் இருக்கும், தெளிந்திருக்கும், வெயில் சுடாது. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் அருவி பார்க்கப் போகாதீர்கள். அன்று ஆற்றுக்குப் பூசை செய்ய வரும் கூட்டத்துக்கே இடம் போதாது. பொங்கல் விடுமுறையில் காணும் பொங்கலும் அப்படியே.

கேள்வி: சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்ப முடியுமா? காரில் போவதா, ரயிலா?
– வாசகர், தாம்பரம்

பதில்: காலையில் கிளம்பி இரவே திரும்புவது வேண்டாம். போக மட்டும் ஆறரை, ஏழு மணி நேரம். பகல் முழுவதும் சாலையில் போய்விடும், களைத்த ஓட்டுநர் இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும். முந்தின இரவு பேருந்தில் ஏறி விடியலில் தருமபுரியில் இறங்குங்கள், அல்லது மொரப்பூரில் நிற்கும் இரவு ரயிலைப் பிடித்து அங்கிருந்து தருமபுரி வாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஜோலார்பேட்டை வழியாகப் போகும் ரயில்கள் தருமபுரியைத் தொடுவதில்லை. முன்பதிவு செய்யும்போது பலர் இதில் தவறு செய்கிறார்கள்.

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாக ஒன்றரை மணி நேரம். ஆறரைக்குப் பேருந்து ஏறினால் எட்டு மணிக்கு அங்கே இருக்கலாம். இறங்கியதும் பரிசல் சீட்டு வாங்கும் இடத்துக்குப் போங்கள், மற்றது பிறகு. விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் வரிசை நீளும். பரிசலை முடித்துவிட்டுக் குளியல், அதன்பின் சாப்பாடு, நான்கு மணிக்குத் திரும்பும் பேருந்து. இந்த வரிசையை மாற்றினால், அதாவது முதலில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பரிசலுக்குப் போனால், மதிய வெயிலில் கல் சுடும். வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விடும். மாலை நாலரைக்கு மேல் பரிசலை எதிர்பார்க்காதீர்கள்.

பெங்களூரு, சேலம், ஈரோடு வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சேலத்திலிருந்து இரண்டரை மணி நேரம், பெங்களூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். ஒரே பகலில் நிம்மதியாகப் போய்வரலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. மகனுக்கு மூன்று வயது. இருவரையும் பரிசலில் ஏற்றலாமா? பரிசல் கவிழும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நேராகச் சொல்கிறோம்: அம்மா பரிசல் ஏற வேண்டாம். மகனுக்கு, அவன் உடம்புக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் மட்டும், தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் யோசிக்கலாம். ஏன் என்பதையும் விளக்கமாகச் சொல்கிறோம், நீங்களே இடத்தில் பார்த்து முடிவெடுக்க உதவும்.

பரிசல் வட்டமான மூங்கில் கூடை. ஏழடி விட்டம் இருக்கும். பிளந்த மூங்கிலைப் பின்னி, அடியில் முன்பு தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துத் தார் பூசுகிறார்கள். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒகேனக்கல் போன்ற பாறை ஆற்றுக்கு அதைவிடப் பொருத்தமான படகு கிடையாது. படகுக்கு முதுகெலும்பு போல அடியில் ஓடும் கட்டை இதற்கு இல்லை. அதனால் துடுப்பு நின்றால் பரிசல் தானாகச் சுழலும். சுழல்வது ஆபத்தில்லை. ஒரே பக்கம் எடை சாய்வதுதான் ஆபத்து. உட்கார்ந்திருக்கும்வரை எடை எல்லாம் நீர்மட்டத்துக்கு அருகே இருக்கிறது. யாராவது படம் எடுக்க எழுந்து நின்றால் எடை மேலே ஏறுகிறது. அதைப் பார்க்க மற்ற இருவரும் அதே பக்கம் திரும்பினால் விளிம்பு தண்ணீருக்குள் போகும். விளிம்பு ஒரு முறை முங்கினால் போதும், பரிசல் நிரம்ப அதிக நேரம் எடுக்காது. 2015 ஏப்ரலில் இங்கே பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தில் பலர் இறந்தார்கள். ஒரு பரிசலுக்கு இத்தனை பேர் என்று சீட்டில் இருக்கும். 'இன்னும் ஒருத்தர்தானே' என்று ஓட்டியிடம் கெஞ்சாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டால் அந்தப் பரிசலில் ஏறாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டால் போதாது. எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டையை இழுத்து இறுக்கியபின், வேறொருவர் உங்கள் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது தளர்வு. தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போவார். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டுவது பாதுகாப்பே இல்லை. துறையில் குழந்தை அளவு இல்லையென்றால் குழந்தையோடு ஒருவர் கரையில் இருங்கள். மாறி மாறிப் போய்வரலாம். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்பதும் வேண்டாம். கவிழும்போது இரண்டு கைகளும் தன்னிச்சையாக எதையோ பிடிக்கப் போகும்.

அம்மாவைத் தடுப்பது வயது அன்று, முட்டிதான். பரிசலில் பலகை இருக்கை கிடையாது. அடியில் காலை மடக்கியோ நீட்டியோ உட்கார வேண்டும். துறைக்குப் படி இறங்க வேண்டும். தண்ணீர் குறைந்த நாளில் நடுவில் பரிசலைவிட்டு இறங்கிப் பாறைமேல் நடக்கச் சொல்வார்கள். ஓட்டி பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு முன்னே போவார், நீங்கள் வழுக்கும் கல்லில் பின்னே போக வேண்டும். முட்டி வலிக்காரர் அங்கே சிக்கினால் திரும்பவும் வழியிருக்காது.

துறையும் வழியும் நாளுக்கு நாள் மாறும். மாமரத்துக்கடவு, சின்னாறு, கோத்திக்கல் என்று துறைகள் இருக்கின்றன. நீர்மட்டத்தைப் பொறுத்து எங்கிருந்து ஏற்றுவது, பிரதான அருவி, பெரியபாணி, மணல்திட்டு என்று எதுவரை போவது என்பதை முடிவு செய்கிறார்கள். சீட்டு வாங்கும்போதே 'இன்றைக்கு எதுவரை, எவ்வளவு நேரம்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றின் நடுவில் 'இன்னும் கொஞ்சம் மேலே போகலாம், தனியாகக் கொடுங்கள்' என்று பேச்சு வருவதற்கு இடமிருக்காது. கட்டணத்தைக் கவுன்டரில் மட்டும் கட்டி, சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஓட்டி நன்றாக நடந்துகொண்டால் இறங்கிய பிறகு விருப்பம்போல் கொடுங்கள். ஒரு துடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்நீரில் நான்கு பேரை இழுத்துப்போவது சாதாரண உழைப்பில்லை.

செல்பேசியைக் கழுத்தில் தொங்கும் உறையில் போடுங்கள். பரிசல் அடியில் எப்போதும் ஓரிரு அங்குலம் தண்ணீர் இருக்கும், பை நனையும். மாற்று உடையைக் கரையிலேயே விடுங்கள்.

கேள்வி: நன்றாக நீந்தத் தெரியும். ஆற்றில் எங்கே நீந்தலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: எங்கேயும் வேண்டாம். கம்பித் தடுப்பு போட்டுக் குளிக்க அனுமதித்திருக்கும் இடத்தில், அருவிக்கு அடியில் நின்று குளியுங்கள், அது போதும்.

ஒகேனக்கல்லில் மூழ்கி இறப்பவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. காரணம் ஆற்றின் அடிப்பகுதி. சுழலும் தண்ணீரில் சிக்கிய கூழாங்கற்கள் நூற்றாண்டுக்கணக்கில் பாறையைக் குடைந்து குடம்போலக் குழி பறித்திருக்கின்றன. மேலே பார்த்தால் இடுப்பளவு தண்ணீர், ஓர் அடி தள்ளிக் கால் வைத்தால் ஆளுயரத்துக்கு மேல் குழி. குழிக்குள் தண்ணீர் கீழ்நோக்கிச் சுழல்கிறது. பல இடங்களில் பாறை அடிப்பக்கம் அரித்துப் பல்போல நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆளை அதற்கடியில் தள்ளிவிட்டால் மேலே வர வழியில்லை. அருவி விழும் இடத்தில் காற்றுக்குமிழ் கலந்து நுரைத்திருக்கும் நீரில் உடம்பு சாதாரண நீரில் மிதப்பதுபோல மிதக்காது, கை வீசினால் பிடிப்பும் கிடைக்காது. இவற்றில் எதற்கும் நீச்சல் திறமை மருந்தில்லை.

இன்னொன்று, பாசி. பச்சையாகத் தெரியும் பாசியைவிடக் கறுப்பாகப் பாறை நிறத்திலேயே படிந்திருக்கும் பாசிதான் ஆளை விழச் செய்கிறது. ஈரமான கறுத்த பாறை எல்லாம் வழுக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு நல்லது. சாதாரண ஹவாய் செருப்பு காலைவிட்டுக் கழன்று ஆபத்தை அதிகமாக்கும். வெறுங்காலும் வேண்டாம், உடைந்த பாட்டில் சில்லுகள் மணலில் கிடக்கின்றன. நிற்கும்போதே தண்ணீர் நிறம் மாறிக் கலங்கலாக வந்தாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே கரையேறுங்கள். மேலே சின்னாற்றுக் காட்டில் மழை பெய்திருக்கலாம். பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

கேள்வி: அங்கே எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறார்களே, செய்துகொள்ளலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: தாராளமாக. தலைமுறையாக அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கை அது. தொகையை முன்பே பேசுங்கள். எண்ணெயை நீங்களே வாங்கிக் கொடுத்தால் கலப்படக் கவலை இல்லை. கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை இருந்தால் தவிர்க்கலாம். உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்க் காலோடு பாறையில் நடந்து விழுந்து அடிபடுவது அங்கே வழக்கமாக நடப்பது.

எண்ணெயைப் போக்க ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஆற்றிலேயே வீசுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் கெட்டுத் துன்பப்பட்ட ஊர்கள் அவை. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஒகேனக்கல் தண்ணீரைத்தான் அந்த ஊர்களுக்குக் கொண்டுபோகிறது. சீயக்காய்த்தூளோ கடலைமாவோ ஒரு பொட்டலம் எடுத்துப்போங்கள், எண்ணெய் நன்றாகவே போகும்.

கேள்வி: மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருவார்களாமே? எட்டுப் பேருக்கு எவ்வளவு வாங்குவது, எப்படிப் பேசுவது?
– வாசகி, மதுரை

பதில்: ஒகேனக்கல் போய் இதைச் செய்யாமல் வருவது குறைதான். அடுப்பும் பாத்திரமும் வைத்துக்கொண்டு சமைத்துத் தரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நாம் மீனையும் அரிசியையும் மளிகையையும் வாங்கிக் கொடுத்தால் குழம்பு, வறுவல், சோறு தயாராகிவிடும்.

எட்டுப் பேருக்கு முழு மீனாக மூன்று கிலோ வாங்குங்கள். தலை, செதில், குடல் போனால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். கட்லா, ரோகு குழம்புக்கு. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மீனில் முள் பெரிதாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுக்க எளிது. ஜிலேபி மீன் வறுவலுக்கு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வேண்டாம். கண் மேடாகப் பளபளக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். கடையில் கிடப்பதெல்லாம் அன்று ஆற்றில் பிடித்தது அல்ல, பனிக்கட்டியில் வைத்து வெளியிலிருந்து வருவதும் உண்டு. ஆகவே ஊர்ப்பெயரை நம்பாமல் செவுளை நம்புங்கள்.

அரிசி ஒரு கிலோ, புளி 100 கிராம், சின்ன வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி அரைக் கிலோ, பூண்டு, இஞ்சி, எண்ணெய் முக்கால் லிட்டர். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டுக் காரம் உங்களுக்குத்தான் தெரியும். பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாக்குங்கள்: கூலி கிலோவுக்கா, மொத்தத்துக்கா, விறகு அல்லது கேஸ் செலவு அதில் அடங்குமா, மீன் சுத்தம் செய்வது யார். வறுவலைத் தனியாகக் கணக்கிடுவதும் உண்டு.

நேரம்தான் இங்கே சூட்சுமம். சமைக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். மீனைக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போனால் திரும்பி வரும்போது சாப்பாடு தயார். பொருளைக் கொடுக்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூட இருப்பது நல்லது. சாப்பிடும் இடத்தில் குரங்குகள் வரும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் அதில் தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். துணிப்பை போதும். சாப்பிட்ட இலையையும் முள்ளையும் குப்பைத் தொட்டியில் போடுங்கள், பாறை இடுக்கில் செருகாதீர்கள்.

கேள்வி: 'ஒகேனக்கல்' என்பதற்கு என்ன பொருள்? அந்தப் பாறைகள் மிகப் பழமையானவை என்று ஆசிரியர் சொன்னார், சரியா?
– மாணவி, ஓசூர்

பதில்: கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. நீர் பாறையில் மோதித் திவலையாகி எழுவது தூரத்திலிருந்து கல் புகைவதுபோலத் தெரிவதால் 'புகையும் கல்' ஆயிற்று. தமிழில் 'உகுநீர்க்கல்' என்று எழுதுவோரும் உண்டு. எதிர்க்கரை கர்நாடகம் என்பதால் ஆற்றின் நடுவே இரண்டு மொழியும் கலந்தே கேட்கும்.

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்னும் அரிய பாறை இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் இருப்பதைப் போன்ற கார்பனேட் கனிமங்களால் ஆனது, ஆனால் கடலடியில் படிந்ததல்ல, பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலே வந்து இறுகியது. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஓசூரிலிருந்து பைக்கில் அஞ்செட்டி வழியாகப் போகலாமா? பென்னாகரம் வழி மேலா?
– வாசகர், ஓசூர்

பதில்: போகும்போது அஞ்செட்டி, வரும்போது பென்னாகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழி அழகானது, தூரமும் குறைவு. ஆனால் அது யானைக் காடு. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதி. காலை எட்டு மணிக்கு மேல் நுழைந்து, மாலையில் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதே முறை. பெட்ரோலை ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ நிரப்பிவிடுங்கள். யானை சாலையில் நின்றால் நூறு மீட்டராவது தள்ளி நிறுத்தி, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஹாரன் அடிப்பது, ஆக்ஸிலேட்டரை முறுக்குவது, 'சீக்கிரம் கடந்துவிடலாம்' என்று ஓரமாக நுழைவது மூன்றும் யானையைத் துரத்த வைக்கும். குட்டி தெரிந்தால் பின்னால் தாய் இருக்கிறது என்று பொருள்.

பென்னாகரம் வழியில் யானையைவிட இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. பென்னாகரத்திலிருந்து 16 கிலோமீட்டரில் மலை இறங்கி ஆற்றங்கரைக்கு வருகிறது சாலை. கார், வேன் ஓட்டுபவர்கள் இரண்டாவது கியரில் இறங்குங்கள். மேலே ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய கணக்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வட்டு விரிசல் விடும். வளைவில் மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். ஆட்களை நிரப்பிய வேன்கள் இங்கே விபத்தில் சிக்குவதற்கு வேகத்தைவிடப் பிரேக் சூடேறுவதே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: எல்லாம் பார்த்துப் போயும் அங்கே போய்ச் சேர்ந்தபின் தடை போட்டுவிட்டார்கள் என்றால் அந்த நாளை என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: பெருவெள்ளம் என்றால் தொங்கு பாலமும் அருவிக்குப் போகும் நடைபாதையும் மூடப்படும். காவலர்கள் அனுமதிக்கும் இடத்திலிருந்து ஆற்றைப் பார்க்கலாம். ஊருக்குள்ளேயே முதலை மறுவாழ்வு மையம் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மீன் சாப்பாட்டுக்குத் தடை கிடையாது.

அதன்பின் சேலத்துக்காரரான நீங்கள் வந்த வழியே திரும்பாமல் மேச்சேரி வழியாக மேட்டூர் போங்கள். ஒகேனக்கல்லில் உங்களைத் தடுத்த அதே தண்ணீர்தான் அடுத்து மேட்டூரில் சேர்கிறது. 1934இல் கட்டி முடித்த அணை. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. பிடிக்கும். அணை நிரம்பி, உபரிநீரை 16 கண் மதகு வழியாகத் திறந்துவிடும் நாளாக அமைந்தால் ஒகேனக்கல்லில் கிடைக்காத அருவியை அங்கே பார்ப்பீர்கள். மதகு திறந்திருக்கிறதா என்பதும் அதே காலை நாளிதழில், ஒகேனக்கல் நீர்வரத்துக்கு அடுத்த வரியில் பெரும்பாலும் இருக்கும். மதகுக்குக் கீழே ஆற்றுக்குள் மட்டும் இறங்காதீர்கள். திறக்கும் அளவை மணிக்கொரு முறை கூட்டுவதும் உண்டு.